‘பைபிள் மாற்றப்பட்டுவிட்டது’ என்பவர்களுக்கு என்ன பதில்?

பனையோலை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தங்கை மகன் வந்திருந்தான். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். “மாமா, நீங்கள் தினமும் வாசிக்கிற பைபிள் 325-ஆம் ஆண்டு நிசேயாவில் ஒரு ரோமப் பேரரசர் கூட்டிய சபையில் வாக்கெடுத்து முடிவு செய்த புத்தகம். பிடிக்காததையெல்லாம் அன்றைக்கே எரித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பதும் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு.”

எனக்குக் கோபம் வந்தது. சவக்கடல் குகைகளில் 1947-இல் பழைய ஏற்பாட்டுத் தோல்சுருள்கள் கிடைத்ததைச் சொன்னேன். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று அடித்துச் சொன்னேன். அவன் அமைதியாக, “ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று எங்கே வாசித்தீர்கள், மாமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கத்தில் கேட்டதைத்தான் சொன்னேன். எதையும் நானாகத் தேடி வாசித்ததில்லை.

அவனை வாயடைக்க வேண்டும் என்று இங்கே வரவில்லை. உண்மை எது என்று எனக்கே தெரிய வேண்டும். அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேள்விக்குறி எழுதியது:

பனையோலை அண்ணன், உங்கள் மருமகன் கேட்டதில் தவறில்லை. நான் நம்பிக்கையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தாத்தா உபதேசியார். பைபிளை அவர் மடியில் உட்கார்ந்து கற்றவன் நான். வெறுப்பினால் இதை எழுதவில்லை.

மூல ஏடு ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. மாற்கு எழுதிய பிரதி இல்லை, பவுல் ஒப்பமிட்ட கடிதம் இல்லை. இருப்பவை பிரதியின் பிரதிகள். அவற்றுக்குள் நான்கு லட்சம் வேறுபாடுகள் இருக்கலாம் என்று அறிஞர்களே கணக்கிடுகிறார்கள். புதிய ஏற்பாட்டில் இருக்கிற சொற்களின் எண்ணிக்கையைவிட இது அதிகம்! மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரண்டு பெரிய ஏடுகளில் கிடையாது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் அவற்றில் கிடையாது. நான்கு சுவிசேஷங்களிலும் எழுதியவர் தம் பெயரைச் சொல்வதே இல்லை. ‘மத்தேயு’, ‘மாற்கு’ என்பவை பின்னால் சேர்ந்த தலைப்புகள்.

இத்தனையையும் வைத்துக்கொண்டு ஓர் எழுத்துகூட மாறவில்லை என்று பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் வளர்ந்து உண்மையைக் கண்டுபிடிக்கும் நாளில் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

முப்பது ஆண்டு தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓலைச்சுவடிப் பதிப்பு வரலாறு என் விருப்பப் பாடம். அதன் வழியாகத்தான் பைபிள் ஏடுகளின் பக்கம் வந்தேன். மருமகன் சொன்னதிலும் மாமா சொன்னதிலும் பிழை இருக்கிறது. இரண்டையும் திருத்த வேண்டும்.

முதலில் நிசேயா. 325-இல் கான்ஸ்டன்டைன் அந்தச் சபையைக் கூட்டியது உண்மை. அங்கே நடந்த பெரும் சண்டை ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பற்றியது: குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, அல்லது படைக்கப்பட்டவரா? ஈஸ்டர் நாளை எப்படிக் கணக்கிடுவது என்பதும் பேசப்பட்டது. சபை இயற்றிய இருபது விதிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எந்த நூல் வேதம், எது வேதமில்லை என்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை. நூல்களை வாக்கெடுத்துச் சேர்த்தார்கள் என்பது பல நூற்றாண்டு கழித்து முளைத்த கதை.

நடந்தது இதைவிட மெதுவானது. ஏறத்தாழ 180-இல் லியோன் நகரத்து ஆயர் இரேனேயு, சுவிசேஷங்கள் நான்குதான் இருக்க முடியும் என்று வாதாடி எழுதுகிறார். நிசேயாவுக்கு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நான்கும் ஒரு தொகுதியாக நிலைபெறத் தொடங்கிவிட்டன என்று பொருள். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபை வரலாறு எழுதிய யூசேபியு, எல்லாரும் ஏற்றவை, சிலர் ஐயப்படுபவை என்று நூல்களைப் பிரித்தே எழுதுகிறார். யாக்கோபு, யூதா, பேதுருவின் இரண்டாம் கடிதம், யோவானின் இரண்டாம் மூன்றாம் கடிதங்கள் ஐயப்பட்டியலில் நிற்கின்றன. இன்று நம்மிடம் உள்ள இருபத்தேழு நூல்களும் கூடாமல் குறையாமல் முதன்முதலாக ஒரு பட்டியலில் வருவது 367-இல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். அதற்குப் பிறகும் வெளிப்படுத்தின விசேஷத்தை ஏற்கக் கிழக்குச் சபைகள் சில நெடுங்காலம் தயங்கின. ஆகவே வானத்திலிருந்து கட்டாக இறங்கியதும் இல்லை, பேரரசர் ஒரே நாளில் பொறுக்கியதும் இல்லை. வாசித்துப் பழகிய சபைகளுக்குள் முந்நூறு ஆண்டு நடந்த தெரிவு.

இனி சவக்கடல் சுருள்கள். பனையோலை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி உண்மை என்பதையும் சொல்லியாக வேண்டும். சவக்கடல் கரையில் உள்ள கும்ரானில் கிடைத்த ஏசாயா பெருஞ்சுருள் பதினேழு தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. நீளம் ஏழு மீட்டருக்கு மேல். அறுபத்தாறு அதிகாரங்களும் இருக்கின்றன. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று எழுத்தமைதியைக் கொண்டு சொல்கிறார்கள். இன்று முழுமையாகக் கிடைக்கும் எபிரேயப் பழைய ஏற்பாட்டு ஏடுகளில் மிகப் பழையது கி.பி. 1008-ஐச் சேர்ந்தது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. நடுவே ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது ஒரே நூல் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை. கையால் பெயர்த்தெழுதிய காலத்தில் இது அரிய செயல். வணங்கத் தோன்றுகிறது எனக்கு.

ஆனால் ‘ஓர் எழுத்துகூட’ என்பது தவறு. எழுத்து வேறுபாடுகள் அந்தச் சுருளில் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை சொல்லின் எழுத்துக்கூட்டல் சார்ந்தவை. சில பொருளையும் தொடுகின்றன. 53-ஆம் அதிகாரம் 11-ஆம் வசனத்தில், பாடுபட்ட தாசன் ‘ஒளியைக் காண்பான்’ என்று சுருளில் இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. பிற்கால எபிரேய ஏட்டில் ‘ஒளி’ என்ற சொல் இல்லை. எரேமியாவோ இதைவிடச் சிக்கல். கும்ரானில் கிடைத்த எபிரேயத் துண்டுகளுள் சில, நம் பைபிளில் உள்ள நெடிய எரேமியாவை ஒத்திருக்கின்றன. வேறு சில, கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்த எரேமியாவை ஒத்திருக்கின்றன. அந்தக் காலத்தில் இரண்டு எரேமியாக்கள் ஒரே குகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன! அந்த ஊரார் அதற்காகக் கலங்கியதாகத் தெரியவில்லை.

நான்கு லட்சம் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார் என்பது நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஏடு கூடக்கூடப் பாடபேதம், அதாவது ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது, கூடும். ஒரே ஓர் ஏடு கிடைத்திருந்தால் பாடபேதமே இருக்காது; ஆனால் அதில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்காது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து ஏடுகள் இருக்கின்றன. ஒரு வரியின் கடைசிச் சொல்லே மூன்று வரி தள்ளியும் வந்தால் எழுதுபவரின் கண் தாவிவிடும். நடுவில் உள்ளது விடுபடும். ஓலையில் எழுதியவருக்கும் இது நேர்ந்தது, தோலில் எழுதியவருக்கும் நேர்ந்தது. நான்கு லட்சத்தில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய கைப்பிழைகள், சொல் முன்பின்னாக மாறியவை.

இந்த ஐயாயிரத்தை மேடையில் முழங்குகிறவர்களும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பான்மை ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. முதல் இருநூறு ஆண்டுகளிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவை சில பாப்பிரஸ் துண்டுகளே.

கேள்விக்குறி எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா, நிசேயா விஷயத்தில் நான் மாறிக்கொள்கிறேன். விதிகளை இப்போதுதான் தேடி வாசித்தேன். நீங்கள் சொன்னது சரி. இனி அதை எங்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாமே கைப்பிழை என்று விட முடியாது. யோவானின் முதல் கடிதம் 5:7. பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள், மூவரும் ஒன்று என்ற வசனம். அது இடைச்செருகல். கண் தாவியதால் வந்ததில்லை. ஒரு கொள்கைக்குத் துணையாக வந்து உட்கார்ந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காலைப்பனி எழுதியது:

நான் கத்தோலிக்கப் பெண், இறையியல் படிக்கிறேன். நண்பர் கேட்டதற்கு என் பதில்: ஆம், இடைச்செருகல்தான். பனையோலை அண்ணன், உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பை எடுங்கள். எங்கள் திருவிவிலியத்தையும் எடுங்கள். 1 யோவான் 5:7-ஐ இரண்டிலும் வாசியுங்கள். உங்களுடையதில் பரலோகத்துச் சாட்சிகள் மூவர் இருப்பார்கள். எங்களுடையதில் தூய ஆவி, நீர், இரத்தம் ஆகிய சான்றுகள் மட்டும் இருக்கும்.

அது வந்த வழி இது. லத்தீன் ஏடுகளில்தான் அந்த வாசகம் முதலில் காணப்படுகிறது. பழைய கிரேக்க ஏடுகளில் இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. 1519 பதிப்பிலும் சேர்க்கவில்லை. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அந்த வாசகம் உள்ள ஒரு கிரேக்க ஏடு காட்டப்பட்டது. அது பிற்கால ஏடு. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. 1522 பதிப்பில் அவர் அதைச் சேர்த்தார். அந்தப் பதிப்பு வழியில் வந்த கிரேக்கப் பாடத்தை வைத்து மொழிபெயர்த்த பழைய பைபிள்களுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான்காம் நூற்றாண்டில் மூவொரு கடவுள் பற்றிக் கடுமையாக வாதாடிய கிரேக்கச் சபைத் தந்தையர் எவரும் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? அவர்கள் ஏட்டில் அது இல்லை என்பதற்கு இது சான்று. அந்த வசனம் இல்லாமலேயே அந்த நம்பிக்கை அவர்களிடம் இருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

பனையோலை எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆசிரியை திருவிவிலியம் தந்தார்கள். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

இதை எழுதுவது எளிதாக இல்லை. என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த வசனங்களில் இதுவும் ஒன்று. விளக்கேற்றிய பிறகு எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்து ஒப்புவிக்கச் சொல்வார். அவர் குரலிலேயே அது என் காதில் இருக்கிறது. அது யோவான் எழுதியதில்லை என்று தெரிந்து இரவு பதினொரு மணிக்கு இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.

கோபம் வருவது கேள்வி கேட்டவர்கள் மீதில்லை. ஐந்நூறு ஆண்டுகளாகக் கற்றவர்களுக்குத் தெரிந்த ஒன்றை எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை? நாங்கள் தாங்க மாட்டோம் என்று நினைத்தார்களா?

தரங்கை எழுதியது:

வேறு ஒரு குற்றச்சாட்டுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை: மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு என்பது. தமிழைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தைப் பார்த்தே மொழிபெயர்த்தார். 1714-இலும் 1715-இலுமாக அது தரங்கம்பாடியிலேயே அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை முடித்த நிலையில் 1719-இல் அவர் இறந்தார், வயது 36. பின்னால் பப்ரிசியுஸ் என்ற இன்னொரு மிஷனரி அதே ஊரிலும் சென்னையிலும் இருந்து எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் மீண்டும் பார்த்துத் திருத்தினார். ஒவ்வொரு தலைமுறையும் மூலத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. இன்றைய தமிழ்ப் பைபிள் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொங்குவதாக நினைக்க வேண்டாம்.

கேள்விக்குறி எழுதியது:

தரங்கை சொன்னதை ஏற்கிறேன். பனையோலை அண்ணன், உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மனம் கனத்தது. இருந்தாலும் என் முதன்மையான கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் போனால் அது நேர்மை ஆகாது.

ஏடு நன்றாகக் காப்பாற்றப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அதில் எழுதியிருப்பது நடந்தது என்று ஆகிவிடுமா? கிரேக்கர்களின் இலியத் காவியமும் நன்றாகக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதற்காக ஒலிம்பஸ் மலைத் தேவர்கள் போரில் இறங்கினார்கள் என்று ஒப்புக்கொள்வோமா? சபைகளில் இந்தக் கண்கட்டு திரும்பத் திரும்ப நடக்கிறது. சவக்கடல் சுருளைக் காட்டுகிறார்கள், மக்கள் வியக்கிறார்கள், அந்த வியப்பு அடங்குவதற்குள் செங்கடல் பிளந்ததும் நிரூபணம் ஆகிவிடுகிறது.

லூக்கா 2-ஐ எடுங்கள். சிரேனியு சீரியாவின் அதிபதியாக இருந்தபோது குடிமதிப்பு எழுதப்பட்டது, அப்போது இயேசு பிறந்தார் என்கிறார். மத்தேயு, ஏரோது ராஜா உயிரோடு இருந்தபோது பிறந்தார் என்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4. சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6. நடுவில் ஒன்பது ஆண்டு. யூதாசு மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான். அப்போஸ்தலருடைய நடபடிகளில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். யாத்திராகமம் 12:37, ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் எகிப்திலிருந்து புறப்பட்டார்கள் என்கிறது. பெண்கள், பிள்ளைகளைச் சேர்த்தால் இருபது லட்சம் இருக்காதா? சீனாய் வனாந்தரத்தில் நாற்பது ஆண்டு அலைந்த இத்தனை பெரிய கூட்டம் ஒரு தடயமும் விடவில்லை. எரிகோவை 1950-களில் அகழ்ந்த கேத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று சொல்லப்படும் காலத்தில் அங்கே விழுவதற்கு மதிலே இருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பரே, இந்த விவாதத்தின் முடிச்சு இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். ஏடு பழுதில்லாமல் வந்ததா என்பது ஒரு கேள்வி. ஏடு சொல்வது நடந்ததா என்பது வேறு கேள்வி. நம்புகிறவர்கள் முதல் கேள்விக்கான சான்றை இரண்டாவதற்கு நீட்டிவிடுகிறார்கள். மறுக்கிறவர்களில் பலர், இரண்டாவதைத் தள்ளிவிடும் அவசரத்தில் முதலாவதையும் பொய் என்கிறார்கள். நிசேயா கதை அப்படிப் பரவியதுதான்.

இரண்டாம் கேள்விக்கு மொத்தமாக ஒரே பதில் கிடையாது. பைபிள் ஒரு நூலில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேல், பல கைகளில் உருவான நூலகம். கவிதை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அரச குறிப்பு இருக்கிறது, கடிதம் இருக்கிறது. புறநானூற்றுப் பாட்டையும் பெரிய கோயில் கல்வெட்டையும் நாம் ஒரே தராசில் நிறுப்பதில்லையே.

தாவீது என்ற அரசனே இருந்ததில்லை என்று சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1993-இல் இஸ்ரவேலின் வடக்கே தெல் தான் மேட்டில் ஓர் அரமேயக் கல்வெட்டு உடைந்த நிலையில் கிடைத்தது. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு. அதை வெட்டியவன் பகையரசன். ‘தாவீதின் வீடு’ என்ற அரச மரபைக் குறிப்பிடுகிறான் என்பதே பெரும்பாலோர் வாசிப்பு. பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. கல்லியோன் அகாயாவின் அதிபதியாக இருந்தபோது பவுல் கொரிந்துவில் வழக்குக்கு இழுக்கப்பட்டதாக நடபடிகள் 18 சொல்கிறது. கிரேக்கத்தில் தெல்பி நகரத்துக் கல்வெட்டு கல்லியோனை ஏறத்தாழ கி.பி. 51, 52-இல் அங்கே வைக்கிறது. பவுலின் காலக்கணக்கு முழுவதும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. இவை தாவீதின் சங்கீதங்களையோ பவுலின் தரிசனத்தையோ மெய்ப்பிக்கவில்லை. எழுதியவர்கள் உண்மையான ஊர்களையும் பதவிகளையும் அறிந்து எழுதினார்கள் என்று காட்டுகின்றன. அந்த அளவில் அது பெரிய காரியம்.

யாத்திரை, எரிகோ இரண்டிலும் உங்களோடு நிற்கிறேன். சொன்னபடி, அந்த எண்ணிக்கையில் நடந்ததற்குச் சான்று இல்லை. சிரேனியு சிக்கலுக்குப் பல சமாதானங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றும் எனக்கு நிறைவு தரவில்லை.

ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 15-ஆம் அதிகாரத்தை நீங்கள் இலியத்தோடு வைக்க முடியாது. அது ஐம்பதுகளின் நடுவில் எழுதப்பட்டது. பவுல் எழுதியதில் கடும் விமர்சகர்களுக்கும் ஐயமில்லை. கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், கேபாவுக்கு (பேதுருவுக்கு) காணப்பட்டார் என்று தாம் முன்பே பெற்றுக்கொண்டதை ஒப்புவிப்பதாகச் சொல்கிறார். கலாத்தியரில், எருசலேம் சென்று கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதையும், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைக் கண்டதையும் எழுதுகிறார். நிகழ்ச்சிக்கும் இந்த எழுத்துக்கும் நடுவே இருப்பது ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு. அவர்கள் கண்டதாக நம்பியது உண்மையா என்பதை ஏடு தீர்க்காது. அவர்கள் அதை ஆரம்பத்திலேயே நம்பினார்கள் என்பதை ஏடு தீர்க்கிறது.

கேள்விக்குறி எழுதியது:

அந்தக் கடைசி இரண்டு வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. இயேசு என்ற மனிதர் வாழ்ந்ததையோ பிலாத்து காலத்தில் கொல்லப்பட்டதையோ நான் மறுப்பதில்லை. ஏறத்தாழ 116-இல் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கிறிஸ்தவர்களைச் சற்றும் விரும்பாதவர். அவரே அதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, ‘கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு’ கல்லெறிந்து கொல்லப்பட்டதை எழுதுகிறார். அதே யோசேப்பின் நூலில் இயேசுவைப் புகழும் இன்னொரு பத்தியில் கிறிஸ்தவக் கை புகுந்திருக்கிறது என்பதையும் இங்கே யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காலைப்பனி எழுதியது:

மறுக்கவில்லை. எங்கள் வகுப்பிலேயே அப்படித்தான் கற்பிக்கிறார்கள்.

பனையோலை எழுதியது:

இந்த ஞாயிறும் அவன் வந்தான். நானே கூப்பிட்டிருந்தேன். நிசேயாவைப் பற்றி அவன் சொன்னது தவறு என்று விளக்கினேன்; விதிகளைத் தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டான். ‘ஓர் எழுத்துகூட மாறவில்லை’ என்று நான் சொன்னதும் தவறு என்று சொன்னேன். 1 யோவான் 5:7-ஐ இரண்டு புத்தகத்திலும் நானே காட்டினேன். அவன் அதை எதிர்பார்க்கவில்லை. “இதை ஏன் மாமா எனக்குக் காட்டுகிறீர்கள்?” என்றான். “நீ வேறு யாரிடமிருந்தோ கேட்பதற்கு முன்னால் என்னிடமிருந்து கேட்க வேண்டும்” என்றேன்.

பிறகு மாற்கு சுவிசேஷத்தை எடுத்தோம். மாலை வரை மாறி மாறிச் சத்தமாக வாசித்தோம். 16:8-இல் நிறுத்தினேன். கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போகிற இடம். பழைய ஏடுகளில் இதோடு முடிந்துவிடுகிறது என்றேன். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அங்கே நிறுத்தி வாசித்ததில்லை. அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவன் சற்று நேரம் கழித்துக் கேட்டான்: “அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றால், மாற்குவுக்கு எப்படித் தெரிந்தது?”

எனக்கும் அதுவே தோன்றிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் லூக்காவின் முதல் நான்கு வசனங்களிலிருந்து தொடங்குகிறோம். ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து எழுதுவதாக அவர் அங்கே சொல்கிறார். எப்படி விசாரித்தார் என்று அவனே கேட்பான். அதற்குள் வாசிக்க ஏதாவது இருந்தால், ஏட்டுச்சுவடி ஐயா, நீங்களும் காலைப்பனியும் சொல்லுங்கள். கேள்விக்குறி தம்பி, இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். அவனுக்கு உங்களையும் பார்க்க வேண்டுமாம்.